பதினாறு பேர் சீட்டு

வுப்பெர்டால், ஜூலை. ஆற்றுக்கு மேலே
தொங்குரயில் கிறீச்சிட்டுப் போகிறது.
கீழ்வீட்டுத் தெஸ்பினாவின் தாய்
வோலோஸில் வங்கி வாசலில் நிற்கிறாளாம்,
நாளுக்கு அறுபது யூரோ, அதுவும் மெஷினில் இருந்தால்.

அதே கிழமைதான் என் சீட்டும் உடைந்தது.
பதினாறு பேர். மாதம் முந்நூறு. நான் தாச்சி.
மூன்றாம் மாதமே எடுத்த கமலநேசன்
இப்போது போன் எடுப்பதில்லை.

வீட்டில் கூட்டம். டிவியில்
இரவு முழுக்கப் பேசிய மந்திரிமார்
கண் வீங்கி, கழுத்துப்பட்டி தளர்ந்து வெளியே வருகிறார்கள்.
"தள்ளுங்கோ அவனை வெளியில" என்கிறார் யோகராணி அக்கா.
"தள்ளினா மிச்சத்தை ஆர் கட்டுறது? நீங்களோ?"
தேத்தண்ணி ஆறி ஆடை பிடிக்கிறது.

கொப்பியைப் புரட்டுகிறேன்.
ஆயிரத்து நூற்றிருபது கழிவு விட்டு எடுத்திருக்கிறான்.
அவ்வளவு அவசரம் அவனுக்கு.
என்ன அவசரமென்று அன்று ஒருவரும் கேட்கவில்லை.
ஆளுக்கு எழுபது பிரித்துக்கொண்டோம்.
நான் சப்பாத்து வாங்கினேன்,
இப்போதும் அதுதான் வாசலில் கிடக்கிறது.

காலைக்கடன், நேர்த்திக்கடன், செய்தால் தீரும்.
இது வேறு சாதி.

கதவு தட்டல். தெஸ்பினா.
ஊருக்குப் போகும் யாரிடமாவது
தாய்க்குக் காசு கொடுத்துவிட முடியுமா என்று கேட்க வந்தவள்
பதினைந்து முகங்களையும் பார்த்து நின்றாள்.
என்ன விஷயமென்று சொன்னேன்.

"அந்த மனிதரைக் கூப்பிட்டீர்களா, கூட்டத்துக்கு?"

இருபத்தாறு வருட ஜெர்மனில்
'இல்லை' என்று சொல்ல
எனக்கு இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.