நடு இடம்

ஸ்டீயரிங் கழுத்தில் இருக்கும் கியரைத்
தரைக்கு இறக்க வேண்டும் என்று வான்மதி சொன்னபோது
அவள் இடது தோள் உறைந்து ஏழு மாதம்.
சமையலறைச் சுவரில் விரல்களை
நண்டுபோல் மேலே நடத்துவாள், பயிற்சி.
மூன்றாவது டைலுக்கு மேல் நண்டு ஏறாது.

என் தோள் நன்றாகத்தான் இருக்கிறது.
எனக்கு ஓட்டத் தெரியாது.
அந்த ஹோல்டனுக்கு நான்
டார்ச் பிடிப்பவன்,
பார்க்கிங்கில் பின்னால் நின்று
‘வா வா வா, போதும்’ சொல்பவன்.

காக்கி புக்கிட், இரண்டாம் மாடி.
தெக் லாய் காரை ஒரு சுற்று சுற்றினார்,
வாங்க மனமில்லாத மீனைப் பார்ப்பதுபோல்.
‘கேன் லா’ என்றார்.
‘ஆனா நடுவுல வெட்டணும்.’

நடுவில்.

முன் இருக்கை ஒரே நீளம், சோபாபோல.
மூன்று பேருக்கென்று யாரோ ஓர் ஆஸ்திரேலியர்
எழுபத்து நான்கில் அளந்து வைத்தது.
வருடத்தில் நாற்பத்தைந்து நாள்தான்
சாலையைப் பார்க்கும் கார் எங்களுடையது.
அந்த நாட்களில் நடுவில்
எழிலனின் வயலின் பெட்டி உட்கார்ந்து வந்தது.
அவன் மெல்பர்னுக்குப் போனபின் ஈரக் குடை.
சண்டை நாட்களில் என் பை, நிமிர்ந்து, சுவர் மாதிரி.
பெல்ட் இல்லாத இடம், அதனால்
சமாதான நாட்களில்
கார் நின்ற பிறகு மட்டும், நான்.

இதையெல்லாம் தெக் லாயிடம் எப்படிச் சொல்வது?
‘வெட்டுங்க’ என்றாள் வான்மதி.

கம்பளத்தை உரித்தார்கள்.
பார்க்கிங் கூப்பனில் நாங்கள் கிழித்து மடக்கிய
காதுகள் நூறாவது இருக்கும், மக்கிப்போய்.
சாக்பீஸில் ஒரு செவ்வகம்.
ரம்பம் இறங்கியதும் பல் கூசியது.
டார்ச் ஆடுது, என்று அதட்டினாள்.
ஆடியது.

பிறகு அந்தத் துளை வழியே குனிந்து பார்த்தேன்:
கியர்பாக்ஸின் எண்ணெய் முதுகு,
அதற்கும் கீழே சிமெண்ட்,
தெக் லாயின் நீலச் செருப்பு.
இத்தனை வருடம் ஒரு தகரத்தின் மேல்தான்
கால் நீட்டித் தூங்கியிருக்கிறேன்.

பிரிஸ்பேனிலிருந்து வந்த புதுத் தண்டு
குட்டையாக, கறுப்பாக,
பக்கத்தில் எழுத்துகள் எரிய நின்றது.
கம்பியை மாட்டினார், முள்ளைச் செருகினார்.
பி-யில் வைத்து ஸ்டார்ட் பண்ணு, என்றார்.
பி-யில்தான் வைத்தாள்.
எழுத்து ‘நில்’ என்றது.
அடியில் கியர்பாக்ஸ் வேறு எதையோ கேட்டிருக்கிறது.
கார் பின்னால் வந்தது,
முதல்முறையாக நான் ‘வா’ சொல்லாமலே.
நான் விலகினேன். பிளாஸ்டிக் முக்காலி விலகவில்லை.

மேலே ஒன்று காட்டி உள்ளே இன்னொன்று ஓடுவது
எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல.
இருவருமே வாயைத் திறக்கவில்லை.
தெக் லாய் கம்பியின் முனையை
இரண்டரைத் திருகு திருகினார்.
சிரித்தது வான்மதிதான் முதலில்,
தோளைப் பிடித்துக்கொண்டு.
முக்காலிக்குப் பன்னிரண்டு வெள்ளி.

பிறகு ஒவ்வோர் எழுத்திலும் நிறுத்தி
காது வைத்துக் கேட்டார்கள். க்ளிக். க்ளிக்.
பழைய தண்டு இருந்த ஓட்டையில் ரப்பர் மூடி.
தண்டை நாளிதழில் சுற்றிக் கொடுத்தார்.
குப்பைதானே, என்றாள்.
ஆமாம் என்று பையில் வைத்துக்கொண்டேன்.

நாற்பத்தைந்தில் முப்பத்தோராவது நாள்.
கேலாங் சிவப்பு விளக்கு பச்சையானதும்
அவள் கை பழக்கத்தில் மேலே கிளம்பியது,
பாதியில் தோள் தடுத்தது,
முகம் சுளித்துக் கீழே இறங்கித் தேடியபோது
தண்டில் ஏதோ தட்டுப்பட்டது.
கோப்பி ஓ. நூல் கட்டிய பை.
சூடு என்று நான்தான் மாட்டியிருந்தேன்.

‘கியர்ல தொங்கவிடாதே’ என்றாள்.
டி-க்குத் தள்ளினாள்.
பின்னால் ஒரு டாக்சி ஹார்ன் அடித்தது.
கோப்பி எங்கள் இருவர் முழங்காலையும்
மாறி மாறி இடித்துக்கொண்டே வந்தது,
பாய லேபார் வரைக்கும்
நான் அதை எடுக்கவில்லை.