வடக்குச் சரிவு

ஆலங்கட்டி மழை ஓய்ந்த மறுநாள்
கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவர்களெல்லாம்
ஏணியோடு வந்தார்கள்.
டெக்சாஸ் எண் பலகை, வெள்ளைப் பிக்கப் வண்டி,
இன்னும் மடிப்புக் கலையாத தொப்பி.
"மேடம், உங்கள் கூரை செத்துவிட்டது."
சாவுச் செய்தியை இத்தனை சந்தோஷமாய்ச் சொல்லி
நான் கேட்டதில்லை.

பத்தொன்பதாயிரம் டாலர் என்றான் ஒருவன்.
இருபத்தோராயிரம், ஆனால் தகர வாய்க்கால் இலவசம்
என்றான் இன்னொருவன்.
காப்பீட்டுக்காரர்கள் கடிதமே போட்டிருந்தார்கள்:
பதினெட்டு வயதுக் கூரைக்கு
அடுத்த ஆண்டிலிருந்து பாதிப் பணம்தான்.
நெப்ராஸ்காவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்குப்
பத்தொன்பதாயிரம் என்பது
எத்தனை நிறுத்தங்கள் என்று கணக்குப் போட ஆரம்பித்து
செப்டம்பரிலேயே விட்டுவிட்டேன்.

வாய்க்காலில் கைவிட்டால் கறுப்பு மணல்.
ஷிங்கிளின் மேல்தோல் அது.
உதிர்ந்தது உதிர்ந்ததுதான், திரும்ப ஒட்டாது.
ஒரு காபி டப்பாவில் அள்ளி வைத்தேன்.
படியில் பனி வழுக்கும்போது தூவலாம் என்று
எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

வெண்டல் கூபிக் ஏணியைச் சாத்துமுன்
பூட்ஸைத் துடைத்தார்.
சிரிக்கவில்லை. அதற்காகவே காபி கொடுத்தேன்.
வடக்குச் சரிவில் ஒரு ஷிங்கிளின் நுனியை
இரண்டு விரலால் தூக்கி மடக்கினார்.
முனகிக்கொண்டு வளைந்தது.
தெற்கிலும் அதையே செய்தார்.
சோடா பிஸ்கட் ஒடிகிற சத்தம்
கீழே நின்ற எனக்கே கேட்டது.

"வடக்கு இன்னும் குடிக்கும்.
தெற்கு வெயிலில் கிடந்து தாகமே மறந்துவிட்டது.
அதிலும் எண்ணெய் அடித்துக் காசு வாங்கினால்
நானும் அந்த வெள்ளை வண்டியில்
ஏறிக்கொள்ள வேண்டியதுதான்."

பாதி உயிர், பாதிச் சாவு.
இப்படி ஒரு தீர்ப்புக்கு
காப்பீட்டுப் படிவத்தில் கட்டமே இல்லை.
தொலைபேசியில் வந்த பெண் இரண்டு தடவை கேட்டாள்:
"மாற்றுகிறீர்களா, இல்லையா?"
"ஆமாம், இல்லை" என்றேன்.
பின்னணி இசை போட்டுக் காத்திருக்கச் சொன்னாள்.

தெற்குச் சரிவை நாலு பேர் ஒரு பகலில் உரித்தார்கள்.
ஒரு டன்னுக்கு மேல் இருக்கும்.
தொட்டியில் விழுந்த ஒவ்வொரு கத்தைக்கும்
நாய் ஒருமுறை குரைத்தது.
என் பேருந்துப் பாதையில் ஒரு குன்று உண்டு.
இந்த மாவட்டத்தில் கடவுள் குன்று எதுவும் வைக்கவில்லை,
குப்பைக்கிடங்கு வைத்தது.
பிள்ளைகள் அதை மலை என்கிறார்கள்;
உச்சியில் கடற்பறவைகள், கடல் எங்கோ.
அந்த மலைக்கு என் பங்கு
பாதிக் கூரை.

வடக்குக்கு மருந்து அடித்த அன்று
தெருவெல்லாம் வாசனை.
சோயா எண்ணெய்தான் முக்கால்வாசி.
எதிர்வீட்டு லியோட்டா வேலியோரம் வந்து
"என்ன பொரிக்கிறாய்?" என்றாள்.
"வீட்டை."
அவள் நாற்பது ஏக்கர் சோயா போட்டிருக்கிறாள்,
விலை படுத்தபடியே எழுந்திருக்கவில்லை.
தலையைச் சாய்த்து வெகுநேரம் மேலே பார்த்தாள்.
"குடிக்கட்டும்," என்றாள், "குடிக்கட்டும்.
யாராவது குடித்தால் சரி."

சாம்பல் வெளுத்துப்போயிருந்த வடக்கு
ஈரம் காயும் வரை கரிநிறமாய் மின்னியது,
குளித்துவிட்டு வந்த எருமை மாதிரி.
பிறகு பழைய நிறத்துக்கே மங்கிவிட்டது.
ஏமாந்துவிட்டேனோ என்று
ஏணியில் ஏறி ஒரு நுனியை மடக்கிப் பார்த்தேன்.
இம்முறை முனகவில்லை.

இப்போது என் வீட்டுக்கு இரண்டு நிறம்.
தெற்கிலிருந்து வருகிறவர்கள்
புதிதாய்க் கட்டியது என்கிறார்கள்.
தபால்காரர் வடக்கிலிருந்து வருகிறார்,
ஒன்றும் சொல்வதில்லை.

கூபிக் எழுதிக் கொடுத்த உத்தரவாதம்
ஐந்து வருடம்.
வீட்டுக் கடன் பாக்கி
ஆறு வருடம்.
மீதி ஒரு வருடத்தை
வடக்குச் சரிவும் நானும்
எங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்கிறோம்.