செவ்வாய், வெள்ளி

மூன்றாம் முறையாக
என்டெல் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது
அவருடைய கோப்பில் ஒரு சொல் ஏறியிருந்தது:
ஒத்துழைக்காதவர்.

தளர்ந்த இதயம். நுரையீரலில் நீர்.
கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால்
பள்ளம் மேலெழ நேரமாகிறது,
ஈரமணலில் யாரோ நின்றுவிட்டுப் போனதுபோல்.

பயிற்சி வகுப்பில் எங்களுக்கு வட்டங்கள் கொடுத்திருந்தார்கள்.
நடுவில் ஆள்.
அவரைச் சுற்றி ஒன்று, அதைச் சுற்றி இன்னொன்று,
துளைத்து நுழையப் பார்க்கும் அம்புகள்.
மனிதர் உறுப்புகளின் கூட்டுத்தொகை அல்லர் என்று
எழுதிக்கொண்டேன்.
பிறகு சூப் குடிக்கப் போனோம்.

வாரத்துக்கு முப்பது நிமிடம்
எனக்கு ஒதுக்கப்பட்டவர் என்டெல்.
அதில் ஆறு, பனிக்காலணியைக் கழற்றி மாட்டவே போய்விடும்.
எடை பார்த்தேன். இரத்த அழுத்தம் பார்த்தேன்.
உப்பிட்ட மீனைக் குறைக்கச் சொன்னேன்.
"கறுப்பு ரொட்டியை வேறு எதோடு தின்பது, உர்வே?
வானொலியோடா?"

மாத்திரைப் பெட்டிக்கு ஏழு கதவு.
இரண்டு மட்டும் எந்த வாரமும் திறக்கவில்லை.
செவ்வாய். வெள்ளி.
மறதிக்குக் கிழமை தெரியாது.

கேட்டால் மறந்துவிட்டேன் என்பார், கேட்கவில்லை.
ஒரு வெள்ளிக்கிழமை, என் விடுமுறையில்,
அவர் ஏறிய பேருந்தில் ஏறினேன்.

ஹாப்சாலுவுக்கு ஒரு மணி இருபது நிமிடம்.
நாணல், உறைந்த வளைகுடா,
பூட்டிக் கிடக்கும் கடை ஒன்று,
மறுபடி நாணல்.
கழிப்பறை இல்லை.

அங்கே பராமரிப்பு இல்லத்தில் லெய்டா.
பெயர்களெல்லாம் உதிர்ந்தபின்னும்
அவர் உள்ளங்கைச் சூட்டை மட்டும்
விடாமல் அடையாளம் காண்கிறவள்.

நீர் பிரிக்கும் மாத்திரையைக் காலையில் விழுங்கிவிட்டு
அவ்வளவு தூரம் எப்படி அடக்கிக்கொண்டிருப்பது?
நனைந்த கால்சட்டையோடு
எப்படி அவள் முன் உட்காருவது?
மூச்சில் கொஞ்சம் கொடுத்து
மானம் வாங்கிக்கொண்டிருந்தார்,
வாரம் இருமுறை.
நான் பார்த்ததில் இவ்வளவு ஒழுங்கான கணக்கு
வேறெந்த நோயாளியிடமும் இல்லை.

அன்று இரவு வட்டங்களை எடுத்துப் பார்த்தேன்.
பேருந்து அதில் இல்லை.
ஓட்டுநர் ரைவோ இல்லை.
முப்பது நிமிடம் என்று முடிவுசெய்த யாரோ ஒருவர் இல்லை.
அம்புகளில் ஒன்றாக நான்,
'உப்பைக் குறையுங்கள்' என்று கூர்மையாக,
அதுவும் இல்லை.

அளவை மாற்றவில்லை. மருத்துவரிடம் கேட்டு
நேரத்தைத்தான் மாற்றினேன்:
அந்த இரு நாளும் திரும்பி வந்தபின், மாலை நான்குக்கு.
ரைவோ நூலக நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் கூடுதலாக நின்றார்,
இன்ஜினில் ஏதோ சத்தம் கேட்பதாக முணுமுணுத்துக்கொண்டு.
கோப்பிலிருந்த சொல்லை நீக்கப் பார்த்தேன்.
கணினி விடவில்லை.
கீழே ஒரு வரி சேர்த்தேன்:
பேருந்தில் கழிப்பறை கிடையாது.

குளிர்காலம் முழுக்க எண்பத்தொரு கிலோ.
முள் அசையவில்லை.

மார்ச்சில் லெய்டா இறந்துபோனாள்.

இப்போது ஏழு கதவுகளும் திறக்கின்றன,
காலை எட்டு மணிக்கு, பிசகாமல்.
கணுக்கால் வற்றி எலும்பு தெரிகிறது.
எழுபத்தாறு. எழுபத்து மூன்று.
அலமாரியில் ரொட்டி பூசணம் பூத்திருந்தது.
"நீ சொன்னபடியே கேட்கிறேன், பார்" என்றார்.
என் படிவத்தில் எல்லாக் கட்டமும் பச்சை.

இன்று செவ்வாய். ரைவோ அழைத்தார்.
"நிறுத்தத்தில் நிற்கிறார். ஏறவும் இல்லை,
போகவும் இல்லை.
கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.
எவ்வளவு நேரம் வைத்திருக்கட்டும்?"

ஐந்து நிமிடம் என்றேன்.
காலணியைச் சரியாகக்கூட மாட்டாமல் கிளம்பினேன்.
பையில் அழுத்தமானி, எடைக்குறிப்பு,
நேற்றே வாங்கி ஒளித்துவைத்த
உப்பு மீன் டப்பா.
சிறியதுதான்.