நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்

ஸ்கானில் கறுத்துக் கிடக்கிறது
யோகாம்பிகையின் வட்டு.
ஒருகாலம் நுங்காய்த் ததும்பியது.
சுன்னாகம் சந்தையில்
இருபது வருட வெங்காய மூட்டை.

இன்குபேட்டரில் அவளுடைய குருத்தணுக்கள்.
வன்தரை கொடுத்தேன்,
எலும்பாகப் பார்த்தன.
மெத்தை கொடுத்தேன்,
கொழுத்துப் படுத்தன.
பிறகு ஒட்சிசனைக் குறைத்து,
புளிப்பேற்றி,
குருதி எட்டாத அவளது முதுகின் இருட்டைப்
போலவே ஒன்றைச் செய்து
விட்டேன்.
பாதி செத்தது.

மிச்சம்
தன்னைச் சுற்றி நீர்பிடிக்கும் பசையை
மெல்லக் கசியத் தொடங்கியிருக்கிறது.

“எப்ப ஊசி?” தொலைபேசியில் அவள்.
“மண் சரிவரட்டும் அக்கா.”
“உவர்த் தறையில நட்டா
நட்டவளுக்குத்தான் நட்டம்,
எனக்குத் தெரியாதே?”
சிரிக்கப் போய்
மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.

கேட்கிறது.