மஞ்சள் கட்டம்

பதினோரு வாரமாக
எங்கள் திட்டம் மஞ்சளில் இருக்கிறது.

பச்சை என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை.
சிவப்பு என்றால் கேட்பார்கள்.
கேட்பதற்கென்றே தினம் இரண்டு கூட்டம் போடுவார்கள்,
வேலை செய்கிறவர்கள் அதில் உட்கார்ந்து
வேலை ஏன் நடக்கவில்லை என்று விளக்க வேண்டும்.
ஆகவே மஞ்சள்.

நல்ல நிறம்தான்.
கல்யாணப் பத்திரிகையின் மூலைகளில் தடவுவது.
கடனைக் கட்ட முடியாதவன்
கோர்ட்டில் கொடுக்கும் கடுதாசிக்கும்
அதைத்தான் சொல்கிறோம்.

ஒன்பது மாதம் என்று நான்தான் சொன்னேன்.
மூன்றாம் மாடியில் சொன்ன ஒன்பது
ஐந்தாம் மாடி ஏறுவதற்குள் ஏழானது.
விற்பனைக்காரர்கள் அதை மும்பைக்கு
விமானத்தில் கொண்டுபோனார்கள்.
கைப்பையின் எடை போதவில்லையோ என்னவோ,
இறங்கியபோது ஐந்து.
ஐந்தில்தான் கையெழுத்தானது.

டைல்ஸ் கம்பெனி. ஜிகணியில் கிடங்கு.
பில்லிங் மட்டும் போதும் என்றார்கள்.
அப்புறம் கிடங்கு.
அப்புறம், அதிலேயே சின்னதாக,
உடைந்து திரும்பி வருகிற பெட்டிகளுக்கு ஒரு கணக்கு.
நாற்பத்தாறு பக்க ஒப்பந்தத்தில்
'சின்னதாக' என்ற சொல்லுக்கு
விளக்கம் தேடிப் பார்த்தேன்.

பழைய நிரலில் ஓரிடம் உண்டு,
திப்பேசாமி என்பவர் எழுதியது.
மேலே கன்னடத்தில் ஒரே வரி:
முட்டபேடி.
தொடாதீர்கள்.
ஏன் என்று இல்லை.

அவருக்கு இப்போது தும்கூர் பக்கம் கோழிப்பண்ணை.
போன் செய்தேன். பின்னால் ஆயிரம் கோழிகள்.
"அதுவா மேடம்?" சிரித்தார்.
"எனக்கு முன்னாடி இருந்தவர்
தொடாதேன்னு சொன்னார்.
அதைத்தான் எழுதி வச்சேன்."

நாங்களும் தொடவில்லை.

ஓசூர் ரோட்டில், என் காருக்கு மேலே,
மெட்ரோவின் மஞ்சள் தடம்.
தூண்கள் நின்றுவிட்டன,
நிலையங்களுக்குப் பெயரும் மாட்டியாயிற்று,
ரயில் மட்டும் வரவில்லை.
அங்கேயும் யாரோ ஒருவர்
எக்செல்லில் ஒரு கட்டத்துக்கு
நிறம் தேர்ந்துகொண்டிருப்பார்.
பொம்மனஹள்ளி சிக்னலில்
நாற்பது நிமிடம் நிற்கும்போதும்
அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை.

இர்ஃபான் பேப்பர் போட்டான்.
அவனுக்கு மட்டும்தான் அந்த டேட்டாபேஸின் உள்வழி தெரியும்.
போகாதே என்று சொல்ல அழைத்தேன்.
சம்பளம் பேசத் தயாராகப் போயிருந்தேன்,
ஒரு எண் கூட வாங்கி வைத்திருந்தேன்.
அவன் சம்பளம் பேசவில்லை.

"போன வியாழக்கிழமை ராத்திரி
ரெண்டரை மணிக்கு சௌபர்ணிகா
டெஸ்ட் ரிசல்ட் அனுப்பினாளே, பார்த்தீங்களா?
எழுபத்திரண்டு ஃபெயில்.
காலையில நீங்க மஞ்சள் போட்டீங்க."

பார்த்தேன்.
கட்டைவிரல் தூக்கிய பொம்மை ஒன்றைப்
பதிலாக அனுப்பியிருந்தேன்.

காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம்.
அவனாவது நோயாளி.

செவ்வாய்க்கிழமை, பதினான்காவது ஸ்லைடு.
கட்டத்தைச் சிவப்பாக்கியிருந்தேன்.
மும்பையில் ஒரு கேமரா அணைந்தது.
பட்நாயக் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ப்ரொஜெக்டர்ல கோளாறா?
கலர் வேற மாதிரி தெரியுது."

"இல்லை. சரியாத்தான் தெரியுது."

ஏசி ஓடும் சத்தம் அந்த அறையில் இருப்பதே
அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.
பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
யார் யாரிடம் எப்போது ஏழு என்று சொன்னது,
யார் ஐந்து என்று எழுதியது.
ஒன்பது எங்கிருந்து வந்தது என்று
யாருக்கும் நினைவில்லை.

நாளை முதல் தினம் இரண்டு கூட்டம்,
முதலாவது காலை எட்டரைக்கு.
இர்ஃபானுக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

எட்டரைக்கு வர மாட்டேன், தூங்கப் போகிறேன் என்று
சௌபர்ணிகா செய்தி அனுப்பினாள்.
விரல் பழக்கத்தில் பொம்மையைத் தேடிப் போனது.
நிறுத்தி, எழுத்தில் எழுதினேன்:
தூங்கு.