தலைக்கணக்கு

முத்தியால்பேட்டையில்
நாலு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர்.
வீட்டுக்காரர் பிரான்சில்.
பில்லைப் படம் எடுத்து அனுப்பினால்
கும்பிடும் கை ஒன்று பதிலாக வரும்.
பி.காம் பாதியில் விட்டவள் என்பதால்
பிரித்து எழுதும் நோட்டு என்னிடம்.

மாடியில் ரஹிமா வீட்டில் ஆறு.
பின்கட்டில் மாவு அரைத்து விற்கும் கனகவல்லிக்கு மூன்று.
எங்களுக்கு நாலு.
முன்னறையில் அந்துவான் அண்ணன், ஒற்றை ஆள்.

போன தடவை தலைக்கு நாற்பத்தொன்று.
இப்போது தொண்ணூற்றாறு.
இரண்டு முறை வகுத்துப் பார்த்தேன்.
மீதியில்லாமல் வகுபட்டதுதான் எரிச்சல்.

தண்ணீருக்கு ஒரு வரி.
அதன் கீழே கழிவுநீருக்கு ஒரு வரி.
உள்ளே வந்ததெல்லாம் வெளியே போயிருக்கும் என்று
எவரோ முடிவு கட்டியிருக்கிறார்.
"என் மாவுல இருக்கிற தண்ணி
பாக்கெட்டுல ஊர் பூரா போவுதே,
அது எந்தச் சாக்கடை?" என்றாள் கனகவல்லி.
"வாசல் தெளிக்கிறது நீங்க, அதைக் கழிச்சுட்டுச் சொல்லு"
என்றாள் ரஹிமா, பாதி விளையாட்டாக.
நல்லவேளை,
அதற்கு மேல் யாரும் யாரையும் எண்ணவில்லை.

அந்துவான் அண்ணன்
செவ்வாயும் வெள்ளியும் ஜிப்மர் போகிறவர்.
நாளுக்கு முக்கால் லிட்டர்தான், டாக்டர் உத்தரவு.
பிராந்தி ஃபுல் பாட்டில் சரியாக அந்த அளவு.
காலையில் நிரப்பி வைப்பார்.
"அளவு நமக்குப் பழக்கம்தானே."

"குடிக்கிறது ஒரு ஃபுல்லு.
வெளிய போறது நின்னு ரெண்டு வருஷம்.
ரெண்டாவது வரியில எனக்குத் தள்ளுபடி உண்டா?"
சிரித்தோம்.
சிரிப்பை எங்கே நிறுத்துவதென்று
யாருக்கும் தெரியவில்லை.

"அந்த மெஷினு
ஒரு தடவை என் ரத்தத்தைக் கழுவ
நூறு லிட்டருக்கு மேல குடிக்குதாம்.
நர்ஸ் சொல்லுச்சு.
அது எந்த நோட்டுல ஏறுதோ."

அன்றிரவு அவர் பெயருக்கு நேரே
பென்சிலால் அரை என்று எழுதினேன்.
துண்டு விழுந்த நாற்பத்தெட்டை
எங்கள் பக்கம் ஏற்றினேன்.
வீட்டில் சொல்லவில்லை.
ஒன்றரை கேன் தண்ணீர்க் காசு, அவ்வளவுதான்.

மறுநாள் வந்து நோட்டைக் கேட்டார், சைகையில்.
வாயில் ஐஸ் கட்டி.
தாகத்தை ஏமாற்ற அவ்வப்போது ஒன்று,
அதுவும் பாட்டில் கணக்கில் சேரும்.

அரையைக் கட்டைவிரலால் தேய்த்தார்.
கரி பரவியது, அழியவில்லை.
அதன் மேலேயே ஒன்று போட்டார்,
பேனாவால்.
தொண்ணூறுக்கு நோட்டு, ஆறுக்குச் சில்லறை
தையல் மிஷின் மேல் வைத்தார்.
கட்டி கரையும் வரை
எங்கள் காலண்டரையே பார்த்து நின்றார்.

பிறகு கேட்டார்:
"மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவ?
சனிக்கிழமை
தலைக்குக் குளிக்கணும்.
மூணு வாளி."