எண்ணூற்றுப் பன்னிரண்டு முதுகுகள்

சிலியின் தெற்கே நியெப்லா.
பெயருக்கே மூடுபனி என்று பொருள்.
ஜூன் மாதம், பதினோராம் நாளாக மழை.
யாரும் அதை மழை என்று சொல்வதைக்கூட விட்டுவிட்டார்கள்.
படகுத்துறைச் சீட்டுக் கூண்டுக்குள்
இஸ்மேனியா கட்டைவிரலால்
உலகத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

பல்வைத்தியரின் மனைவி தின்ற இறால்.
பள்ளியில் கூடப் படித்தவனின் அரசியல்.
அவன் நாயின் அரசியல்.
யாரோ ஒருத்தியின் முழங்கால் அறுவை, மூன்று கோணங்களில்.
இந்தக் குழந்தை யாருடையது?
பிறந்ததற்கு இதயம் போட்டோமா,
இல்லை, பல் முளைத்ததற்குத்தானா?

பின்தொடர்வது என்கிறார்கள் இதை.
பின்னால் போனால் தெரிவது முதுகுதானே.
எண்ணிக்கை பார்த்தாள்: எண்ணூற்றுப் பன்னிரண்டு.
கடற்கரைச் சாலையில்
இத்தனை பேர் பின்னால் இப்படி நடந்தால்
காவலர் வண்டியை நிறுத்திக் கேட்க மாட்டாரா,
அம்மா, உங்களுக்கு என்னதான் வேண்டும்?

பாதிப்பேர் முகதாட்சண்யம்.
முகமே பார்க்காத இடத்தில்
தாட்சண்யம் எந்த வழியாக உள்ளே வந்தது?

நீக்கத் தொடங்கினாள்.
முதல் இருநூறு சுலபம்:
செருப்புக் கடைகள், மூடிப்போன உணவகம்,
ஒரு கல்யாணத்துக்காகத் திறந்த கணக்கு
(அந்தக் கல்யாணமே இப்போது இல்லை).

பிறகு நாத்தனார் எர்மின்டா வந்தாள்.
நாளைக்கு நாற்பது பதிவு. காலை வணக்கம், மாலை வணக்கம்,
நடுவில் யாரையோ குத்திக் காட்டும் பொன்மொழி.
அந்த யாரோ, பெரும்பாலும் இஸ்மேனியா.
நீக்கினால் முகமுறிவு.
ஞாயிற்றுக்கிழமை மேஜையில்
ரொட்டிக்கூடை இவள் பக்கம் வராது.
மியூட் செய்தாள்.
கண்டும் காணாமல் இருப்பதற்கு
பொத்தான் கண்டுபிடித்தவனுக்கும்
ஒரு நாத்தனார் இருந்திருக்க வேண்டும்.

ரெனெயின் கணக்கு.
மூன்று வருடமாக அதே மீன், அதே சிரிப்பு.
இறந்தவரை நீக்குவதில் எது மரியாதை என்று
எங்கும் எழுதி வைக்கவில்லை.
தாண்டிப் போனாள்.

துறைக்கல்லில் இரண்டு கடல்சிங்கங்கள்
நாள் முழுக்கக் கத்துகின்றன.
அவற்றை மியூட் செய்ய வழியில்லை;
அதனாலோ என்னவோ, அவற்றின்மேல் கோபமே வருவதில்லை.

பட்டியலின் அடியில் அந்த மனிதர் இருந்தார்.
பால்டோவினோ, எதிர்க்கரை, கொர்ரால்.
தினமும் காலை ஆறு பத்துக்கு ஒரே படம்:
துறைத்தூணில் வெள்ளையாய் எழுதிய எண்கள்,
அவற்றைத் தொட்டுக்கொண்டு தண்ணீர்.
பேச்சில்லை, முகமில்லை.
ஒன்பது பேர் பின்தொடர்கிறார்கள்.
இவள் ஒருநாளும் லைக் போட்டதில்லை.
நீர்மட்டத்துக்கு எதற்கு இதயம்?

கடைசிப் படம் பத்தொன்பது நாளுக்கு முன்.

பத்தொன்பது நாள்.
இத்தனை பேர் பேசும் கூட்டத்தில்
ஒருவர் பேசாமல் போனது
இவள் காதில் விழவே இல்லை.

எழுதினாள்: நலமா?
அழித்தாள். அது உறவுக்காரர் கேள்வி.
எங்கே போனீர்கள்?
அது கடன்காரர் கேள்வி.
ஒருவரை எட்டு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தவள்
முதல் வார்த்தையாக எதைச் சொல்வது?

குடையை எடுத்துக்கொண்டு
தன் கரைத் தூணருகே போனாள்.
குடை ஒரு பக்கம் மடங்கியது.
எண்ணைப் படமெடுத்து அனுப்பினாள்.
எண் மட்டும். வணக்கம்கூட இல்லை.

மறுநாள் பதில் இல்லை.
அவளைப் பின்தொடர்பவர்களில் ஏழு பேர் குறைந்திருந்தார்கள்.
யார் என்று தேடக் கூடாது, அவளுக்கே தெரியும்.
தேடினாள்.
ஒருவன் அந்த நாய்க்காரன். அவனுக்கு என்ன குறை?

இரண்டாம் நாள், ஆறு பத்துக்கு, கூண்டுக்குள் போன் அதிர்ந்தது.

'கண்புரை அறுவை. கட்டு நேற்றுத்தான் அவிழ்த்தார்கள்.
நன்றி, அம்மணி. ஆனால் ஒரு சந்தேகம்.
கடைசி எண் எட்டா, மூன்றா?
பாதி நனைந்திருக்கிறது.'

அவளுக்கும் நிச்சயமில்லை.
முதல் படகு வருவதற்குள்
கூண்டைப் பூட்டிவிட்டு ஓடினாள்.
அது எட்டு.
ஆனால் தண்ணீர் அங்கே இல்லை,
ஐந்துக்கு இறங்கியிருந்தது.